இருபத்து நாலால் வகுத்தால் லாரி வராது

ஸ்கேல் மாடல் கிட்டுகளுக்கு எழுதப்படும் விமர்சனங்களைப் பல வருஷமாகப் படித்து வருகிறேன். ஏறக்குறைய எல்லாம் ஒரே அச்சு. பெட்டியைத் திறப்பார்கள், எத்தனை பாகம் என்று எண்ணுவார்கள், வெர்னியர் காலிப்பரை எடுத்து வீல்பேஸை அளப்பார்கள், 24-ஆல் பெருக்கி நிஜ வண்டியோடு ஒப்பிடுவார்கள். 2 மில்லிமீட்டர் உதைத்தால் கிட் மோசம், உதைக்காவிட்டால் பிரமாதம். அதோடு விமர்சனம் முடிந்தது. இதற்கு நேரெதிரா இன்னொரு கூட்டம்: "பார்க்க அழகா இருக்கா, அது போதும், அளவெல்லாம் எதுக்கு?" இரண்டு பேரோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாக எழுதி வைத்துக்கொள்ளத்தான் இந்தக் குறிப்பு.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி. கிட் என்பது பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டு வரும் பாகங்களின் தொகுப்பு. வெட்டி, அரம் போட்டு, ஒட்டி, பெயின்ட் அடித்து கார் அல்லது லாரியாக்க வேண்டியது நம் வேலை. கடையில் முழுசாகக் கிடைக்கும் டைகாஸ்ட் பொம்மை வேறு ஜாதி. அதைப் பற்றிப் போகிற போக்கில் ஒன்றிரண்டு சொல்வேன்.

முதலில் இந்த 24 எங்கிருந்து வந்தது? ஒரு அடிக்கு அரை இஞ்ச் என்று வைத்தால் 1/24. ஒரு அடிக்கு ஒரு இஞ்ச் என்றால் 1/12. இங்கிலாந்து ரயில் மாடல்காரர்கள் ஓ கேஜுக்கு ஒரு அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று வைத்தார்கள். 304.8-ஐ 7-ஆல் வகுத்தால் 43.5. டின்கி முதலான சின்ன கார்கள் எல்லாம் 1/43 ஆனது அந்த ரயில்களோடு சேர்த்து வைக்கத்தான். அதில் பாதி 3.5 மில்லிமீட்டர், அதுதான் எச்.ஓ., அதாவது 1/87. அடி ஒரு பக்கம், மில்லிமீட்டர் இன்னொரு பக்கம். மென்பொருளில் பழைய சிஸ்டத்தின் வினோதங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதுசா இருக்காது.

அமெரிக்காவில் 1/25 வேரூன்றியது வேறு வழியில். டெட்ராய்ட் கார் கம்பெனிகள் டீலர் ஷோரூமில் வைப்பதற்காக புரோமோ என்ற சின்ன மாதிரிகளைச் செய்யச் சொல்லின. ஏ.எம்.டி., ஜோ-ஹான் போன்றவை அதில் வளர்ந்த கம்பெனிகள். 1958-ல் ஏ.எம்.டி. அதே அச்சுகளை வைத்து ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டலாம் என்று கிட் போட்டது: கம்பெனி வடிவம், கஸ்டம், பந்தய வண்டி. 4.8 மீட்டர் நீளக் கார் 1/24-ல் 200 மில்லிமீட்டர், 1/25-ல் 192. அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். ஆனால் இதற்காகச் சண்டை போட்டுக்கொள்ளும் ஆட்களை எனக்குத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது 1/35-ன் கதை. ஜப்பானில் ஷிசுவோகாவில் இருக்கும் டமியா கம்பெனி 1960களின் தொடக்கத்தில் ஜெர்மன் பாந்தர் டாங்கியை மோட்டார் வைத்து ஓடும் கிட்டாகப் போட்டது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும். அதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு பெரிசாக டாங்கியைச் செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் ஏறக்குறைய 1/35. அதற்கப்புறம் உலகம் முழுக்க ராணுவ லாரியும் ஜீப்பும் டாங்கியும் 1/35-ல்தான் வருகின்றன. பேட்டரி முடிவு செய்த எண்ணை அறுபது வருஷமாக வேதம் மாதிரி காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்.

ஸ்கேல் என்ற எண்ணே இப்படி அரைகுறையாகப் பிறந்தது என்றால், அந்த எண்ணால் வகுத்துப் பார்ப்பது மட்டும் எப்படி விமர்சனமாகும்?

வகுத்துத்தான் பாருங்களேன். காரின் தகடு சுமார் 0.8 மில்லிமீட்டர் கனம். 24-ஆல் வகுத்தால் 0.033. தலைமுடியை விட மெல்லிசு. இன்ஜெக்ஷன் மோல்டிங்கில் பாலிஸ்டைரீன் சுவரை ஏறக்குறைய 1 மில்லிமீட்டருக்கு வார்ப்பார்கள். நிஜ அளவில் அது 24 மில்லிமீட்டர். அதாவது ஒவ்வொரு கிட் காரும் ஒரு இஞ்ச் கனத் தகட்டில் செய்த கவச வண்டி. கண்ணாடியும் அப்படியே. வெளி அளவு சரியாக இருந்தால் உள் அளவு சுருங்கியே தீரும். சீட்டு, டேஷ்போர்டு எல்லாம் அந்தச் சுருங்கிய இடத்துக்குள் உட்கார வேண்டும். சக்கர வளைவின் விளிம்பில்தான் இது அப்பட்டமாகத் தெரியும். நல்ல மாடலர் அந்த விளிம்பை மட்டும் உள்பக்கமிருந்து சுரண்டி மெலிசாக்குவார். மீதி இடத்தில் தடிமன் அப்படியே இருக்கும், ஆனால் கண் விளிம்பைப் பார்த்துவிட்டு முழு வண்டியும் தகடுதான் என்று நம்பிவிடும். அவர் கண்ணிடம் ஒரு பொய் சொல்கிறார். எங்கே சொன்னால் எடுபடும் என்று தெரிந்து சொல்கிறார்.

பெயின்ட்டும் இதே கதைதான். நிஜக் காரில் எல்லா அடுக்கும் சேர்த்து 100 முதல் 120 மைக்ரான். 24-ஆல் வகுத்தால் 5 மைக்ரான். எந்த ஸ்ப்ரே கன்னாலும் அப்படி அடிக்க முடியாது. பிரைமர், நிறம், கிளியர் என்று அடித்து முடிக்கும்போது அதைப் போல பத்து மடங்கு தாராளமாக ஏறியிருக்கும், கதவு இடுக்குகள் பாதி மூடிக்கொள்ளும். அதனால் டை செய்பவர் அந்தக் கோடுகளை முதலிலேயே கொஞ்சம் ஆழமாக, அகலமாக வெட்டி வைப்பார். காலிப்பர்க்காரர் பெட்டியைத் திறந்ததும் "பேனல் கோடு ஓவர் ஸ்கேல்" என்று எழுதிவிடுவார். நாலு கோட் பெயின்ட் அடித்த பிறகு எப்படி இருக்கும் என்று அவர் பார்ப்பதில்லை. பெரும்பாலான விமர்சனங்கள் கட்டாத கிட்டுக்கு எழுதப்பட்டவை. சமைக்காத அரிசியைத் தின்று பார்த்து சோறு எப்படி என்று சொல்வது போல.

மெட்டாலிக் பெயின்ட்டில் இருக்கும் அலுமினியத் துகள் 20, 30 மைக்ரான் இருக்கும். நிஜக் காரின் பெயின்ட்டை வாங்கி 1/24 மாடலில் அடித்தால், அந்தத் துகள் அரை மில்லிமீட்டருக்கு மேல் பெரிசான மினுக்கு மாதிரி ஆகிவிடும். ஷோரூமில் வாங்கிய அசல் நிறம் அசலாக இல்லாமல் போகும் இடம் இது.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதை வேறெங்கும் யாரும் போட்டு நான் பார்க்கவில்லை. கையில் மாடலை வைத்து அரை மீட்டர் தூரத்தில் பார்க்கிறோம். 1/24-ல் அது நிஜ வண்டியை 12 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். நிஜக் கதவு இடுக்கு 4 மில்லிமீட்டர். 12 மீட்டரில் அது கண்ணில் உண்டாக்கும் கோணம் ஒரு ஆர்க் நிமிஷத்துக்குச் சற்று மேல். மனிதக் கண்ணின் எல்லையே சுமார் ஒரு ஆர்க் நிமிஷம்தான். அதாவது நியாயப்படி அந்தக் கோடு தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். ஆனால் கறுப்பு வாஷ் ஊற்றி, வெள்ளைக் காரில் கூட மை போட்ட மாதிரி கோடு தெரிய வைப்பதுதான் இன்றைய ஃபேஷன். போட்டியில் பரிசும் அதற்குத்தான். "தூரத்தில் நிறம் வெளிறும், அதனால் வெள்ளை கலக்கணும்" என்று சிலர் சொல்வதும் கார் விஷயத்தில் எடுபடாது. 12 மீட்டர் காற்றில் எந்த நிறம் வெளிறும்? மாடல் விமானத்துக்குச் சொன்ன அறிவுரையை கண்ணை மூடிக்கொண்டு காருக்கு இறக்குமதி செய்ததன் விளைவு.

எடையில் மட்டும் ஒரு வேடிக்கை. 24-ஐ மூன்று தடவை பெருக்கினால் 13,824. 1,300 கிலோ காரை அதால் வகுத்தால் 94 கிராம். கட்டி முடித்த பிளாஸ்டிக் கார் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் வரும். கையில் எடுத்தவர்கள் "லேசா இருக்கே" என்பார்கள். 400 கிராம் டைகாஸ்டைத் தூக்கிப் பார்த்து "இதுதான் தரம்" என்பார்கள். நிஜத்தில் அது ஐந்தரை டன் கார்!

ஆக, மாடல் என்றாலே பொய் உண்டு. விமர்சகன் கேட்க வேண்டியது எந்தப் பொய், யாருக்காக என்பதுதான். கண்ணுக்காகச் சொன்ன பொய்யைப் பார்த்தோம். பேட்டரிக்காகச் சொல்லும் பொய்யும் உண்டு. 1970, 80களின் ஜப்பானிய 1/24 கார் கிட்டுகள் பலவற்றில் எஞ்சின் கிடையாது. அடியில் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் இடம் விட்டிருப்பார்கள். அதனால் உள் தளம் மேலே தூக்கி, சீட்டெல்லாம் கால் வெட்டின மாதிரி நிற்கும். அமெரிக்கக் கிட்டுகளில் பானெட்டைத் திறந்தால் எஞ்சின் இருக்கும், ஆனால் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்த உங்கள் அரம் தேய வேண்டும். லாரி கிட்டுகளை நான் கூடுதலாக மதிப்பது இதனால்தான். ஏ.எம்.டி.யின் பீட்டர்பில்ட் 359-ஐயோ இத்தாலேரியின் ஐரோப்பிய டிராக்டர் யூனிட் ஒன்றையோ கட்டிப் பாருங்கள். சேஸ் தண்டவாளம், பட்டை ஸ்பிரிங், காற்றுத் தொட்டி, புரொபெல்லர் ஷாஃப்ட், டீசல் டேங்க் எல்லாம் வெளியே. காரில் அடித்தளத்தை ஒளித்துவிடலாம். லாரியில் ஒளிக்க இடமில்லை.

மூன்றாவது வகைப் பொய் தெரியாமல் சொல்வது. போட்டோவைப் பார்த்து உத்தேசமாகக் கூரையை வளைப்பது, ஒரு மாடல் காரின் அச்சில் அடுத்த மாடலின் முகப்பை ஒட்டிவிடுவது. இதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

காரணம் ஷுன்சாகு டமியா. 1970களின் மத்தியில் போர்ஷே 934 கிட்டுக்காக அவர் ஒரு போர்ஷே 911-ஐயே விலைக்கு வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றி அளந்தார். திரும்பப் பூட்ட முடியாமல் போர்ஷே மெக்கானிக்குகளைக் கூப்பிட வேண்டியிருந்தது என்பதை அவரே தன் புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். 1976-ல் வந்த அந்த 1/12 காரின் உடலை வைத்துத்தான் டமியாவின் முதல் ரேடியோ கன்ட்ரோல் காரும் வந்தது. அதில் மோட்டாருக்காகச் செய்த சமரசங்கள் எத்தனையோ. ஆனால் எங்கே விலகுகிறோம் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் முழு வண்டியும் அவர் பட்டறைத் தரையில் பிரிந்து கிடந்தது. முதலில் அளவு, பிறகு பொய். ஓலைச்சுவடி பதிப்பிக்கிறவர்கள் எல்லாப் பாடங்களையும் ஒப்பிட்ட பிறகு ஒன்றைத் தேர்வு செய்வதற்கும், ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு மீதியை மனசுக்குத் தோன்றியபடி நிரப்புவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

பொழுதுபோக்குக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். கிறைஸ்லர் டர்பைன் காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெட் எஞ்சின் வகையில் ஓடும் கார். உடலை இத்தாலியில் கியா கம்பெனி செய்தது. மொத்தம் 55 வண்டி. 1963 முதல் 1966 வரை 203 பேருக்கு மூன்று மூன்று மாதம் இலவசமாக ஓட்டக் கொடுத்தார்கள். சோதனை முடிந்ததும் கம்பெனியே பெரும்பாலானவற்றை நொறுக்கிவிட்டது, மிஞ்சியது 9. அந்தக் கார் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே ஜோ-ஹான் 1/25-ல், டர்பைன் எஞ்சினோடு, கிட் போட்டது. இன்று நிஜ வண்டியின் அடியில் தலையை விட்டுப் பார்க்கக் கொடுத்துவைத்தவர்கள் உலகத்தில் சில பேர். அந்த எஞ்சின் எங்கே எப்படி உட்கார்ந்தது என்று ஒரு பள்ளிக்கூடப் பையன் கையில் பிடித்துப் பார்த்தது அந்தக் கிட்டால்தான்.

எதிர்ப்பக்க உதாரணமும் அதே ஊரில் உண்டு. 1960களில் வருஷா வருஷம் புது மாடல் காருக்குக் கிட் வரும். புது அச்சு செய்தால் செலவு. அதனால் போன வருஷத்து அச்சையே வெட்டி, சேர்த்து, இந்த வருஷத்து வண்டியாக மாற்றிவிடுவார்கள். பேக்கப் எடுக்காமல் அதே ஃபைலில் மேலெழுதுகிற மாதிரி. பல வண்டிகளை இன்று மறுபதிப்புப் போட முடியாது. அச்சு இருக்கிறது, அதில் இருந்த கார் இல்லை.

இப்போது நம்ம ஊர் லாரிக்கு வருகிறேன். எனக்கு இந்த விஷயத்தில் உண்மையான கவலையே இதுதான்.

கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பையன்கள் ஃபாரெக்ஸ் ஷீட், சன்போர்டு, மல்டிவுட் வைத்து பஸ், லாரி மாடல் செய்கிறார்கள். கிட்டே கிடையாது, எல்லாம் கையால் வெட்டியது. பெயின்டிங் வேலை அபாரம். நெற்றிப் பலகை எழுத்து, பம்பர் பட்டை, கொம்பு மாதிரி வளைந்த ஹாரன், கண்ணாடிக்கு மேல் தொங்கும் குஞ்சம், பின்னால் எலுமிச்சை மிளகாய் வரை விடமாட்டார்கள். வெளிநாட்டுப் போட்டிக்காரர்கள் கறுப்பு வாஷில் தேடும் உயிர் இவர்களுக்கு இயல்பாக வருகிறது. வெறும் பொம்மை என்று இவற்றை ஒதுக்குகிறவர்கள் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை என்பேன்.

ஆனால் அளவு? நான் பார்த்தவற்றில் பலவற்றின் ஸ்கேலை முடிவு செய்வது சக்கரம். கடையில் ஏதோ ஒரு பொம்மையில் நல்ல டயர் கிடைக்கும், அதற்கு ஏற்ற லாரியை மேலே கட்டுவார்கள். ஷிசுவோகாவில் பேட்டரி, இங்கே டயர். அதில் எனக்குக் குறை இல்லை. 10.00-20 டயரின் விட்டம் சுமார் 1,050 மில்லிமீட்டர்; கையில் இருக்கும் டயர் 60 மில்லிமீட்டர் என்றால் 17.5-ல் ஒன்று என்று கணக்குப் போட்டு, மீதி எல்லாவற்றையும் அதே எண்ணால் வகுத்துவிடலாம். அதைச் செய்வதில்லை. டயர் ஒரு ஸ்கேல், கேபின் ஒரு ஸ்கேல், லோடு பாடி கண் அளவு. 3 மில்லிமீட்டர் ஷீட்டை அப்படியே பக்கப் பலகையாக வைத்தால், 1/24-ல் அது 72 மில்லிமீட்டர் கனம். நிஜப் பலகை அதில் பாதிகூட இருக்காது. பாடியின் மேல் விளிம்பைப் பார்த்தாலே கோட்டைச் சுவர் மாதிரி தெரியும். அந்த விளிம்பை மட்டும் சாய்வாகச் சீவிவிட்டால் போதும்.

இதில் ஒரு நியாயமான சிக்கலும் உண்டு. அளக்கணும் என்றால் எதை? எண்ணூரிலிருந்தோ ஓசூரிலிருந்தோ வெறும் சேஸும் எஞ்சினும் முன்முகப்புமாகக் கிளம்பும் வண்டிக்கு நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில்தான் கேபினும் பாடியும் கட்டினார்கள். கம்பெனி வரைபடம் சேஸோடு முடிந்துவிடும். அதற்கு மேலே இருப்பது ஆசாரி கை. நாமக்கல் பக்கம் ஒரு பட்டறையில் டேப்போடு நின்று, "அண்ணே, கேபின் உயரத்துக்கு ஏதாவது ஸ்டாண்டர்டு இருக்கா?" என்று கேட்டேன். "ஓனர் சொல்றதுதான் சார் ஸ்டாண்டர்டு. டிரைவர் உயரமா இருந்தா ரெண்டு இஞ்ச் ஏத்துவோம்" என்றார். சொல்லிவிட்டு, கதவு வளைவுக்கு அவர் வைத்திருந்த பிளைவுட் அச்சைக் காட்டினார். விளிம்பெல்லாம் தேய்ந்து, பல தடவை பென்சில் ஓடிய தடம். அந்தப் பட்டறையின் முழு வரைபடக் கிடங்கும் அந்த ஒற்றைப் பலகைதான்.

அதனால் நம்ம ஊர் மரக்கேபின் லாரிக்கு "சரியான அளவு" என்று பொதுவாக ஒன்று கிடையாது. குறிப்பிட்ட ஒரு வண்டியின் அளவுதான் உண்டு. மாடல் செய்கிறவர் ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்து, அதை அளந்து, அதைத்தான் செய்ய வேண்டும். 'ஒரு அசோக் லேலண்ட்' என்று செய்தால் அது எந்த வண்டியும் இல்லை. கம்பெனியே கட்டிய கேபினோடு வரும் வண்டிகள் இப்போது பெருகிவிட்டன. மரக்கேபின் வண்டிகள் ஒவ்வொன்றாக உடைப்புக்குப் போகின்றன. டர்பைன் காருக்காவது 9 மிஞ்சியது, கம்பெனி ஆவணங்கள் மிஞ்சின. இதற்கு ஒரு தேய்ந்த பிளைவுட் அச்சு.

நான் இப்போது 1/24-ல் ஒரு இரண்டு அச்சு லாரி கட்டிக்கொண்டிருக்கிறேன். வீல்பேஸ் 4,200 மில்லிமீட்டர், மாடலில் 175. அகலம் 2,440, மாடலில் ஏறக்குறைய 102. அளந்த வண்டி இடது பக்கம் அரை இஞ்ச் தாழ்ந்திருந்தது, பட்டை ஸ்பிரிங் படிந்துபோய். அதை அப்படியே வைப்பதா என்று ரொம்ப நாள் யோசித்தேன். அரை இஞ்ச் என்றால் மாடலில் அரை மில்லிமீட்டர். பார்ப்பவர்களுக்கு நான் ஒழுங்காக ஒட்டவில்லை என்றுதான் தோன்றும். அதனால் மாடலில் 1 மில்லிமீட்டராகத் தாழ்த்தி, அந்தப் பக்கத்து மட்கார்டில் டயர் உரசிய தடத்தையும் வைத்துவிட்டேன். நோட்டில் அசல் அளவு, மாற்றிய அளவு, காரணம் என்று மூன்று பத்தி. நெற்றிப் பலகையில் எழுத்து 9 இஞ்ச் உயரம், அதை மாற்றவில்லை. எழுத்தின் நிழல் கோட்டை மட்டும் கொஞ்சம் தடிமனாக்கினேன், இல்லையென்றால் அரை மீட்டரில் அது மறைந்துவிடுகிறது. தார்ப்பாய்க்கு டிஷ்யூ பேப்பரும் தண்ணீர் கலந்த ஃபெவிகாலும். கயிறு இன்னும் சரியாக வரவில்லை, தையல் நூலில் பிசிறு அதிகம்.